ஆற்றங்கரை மக்களின் மொழி

தமிழிலே ‘நாம்’ என்று ஒரு சொல்லும் ‘நாங்கள்’ என்று ஒரு சொல்லும் உள. கேட்பவரையும் தன்னுள் அடக்குவது முன்னது. அவரை விலக்கி நிற்பது பின்னது. ஆங்கிலத்திலோ இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான். ஆதலின் இவ்வேறுபாடு தமிழுக்கும் அதன் இனமொழிகளுக்குமே உரியதென மாணவர் சிலர் எண்ணுவதுண்டு. பிலிப்பைன் தீவுகளிலே வழங்கும் கப்பம்பாங்கன் மொழியை அறிவோமாயின் அவ்வெண்ணம் அகன்றுவிடும். அம்மொழியில் இதற்கு மூன்று சொற்கள் உள. ‘நீயும் நானும்’ என இருவரை மட்டும் சுட்டுவது ‘இக்கத்தா’. கேட்பவர் உட்படப் பலரைச் சுட்டுவது ‘இக்கத்தாமு’. கேட்பவரை விலக்குவது ‘இக்கமி’.

லூசோன் தீவின் நடுப்பகுதியிலுள்ள பம்பாங்கா மாகாணமும் அதன் அயற்பகுதிகளுமே இம்மொழியின் தாயகம். ‘பம்பாங்’ என்றால் ஆற்றங்கரை; ஆற்றங்கரை மக்களின் மொழி என்பதே அதன் பெயர்ப்பொருள். ஏறக்குறைய 20 இலட்சம் மக்கள் அதனைப் பேசுகின்றனர். மலாய், தகாலொகு முதலியவற்றைப்போல இதுவும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. காற்றைத் தகாலொகு மக்கள் ‘ஹாங்கின்’ என்பர். இவர்களோ, மலாய் மக்களைப்போல, ‘ஆங்கின்’ என்பர். ‘உன்னை நேசிக்கின்றேன்’ என்பதற்குக் ‘கலுகுரன் டக்கா’ என்பர். ‘டக்கா’ என்ற சிறு சொல்லிலே நேசிப்பவரும் நேசிக்கப்படுபவரும் ஒருங்கே அடங்கிவிடுகின்றனர்.

இது ஏட்டிலேறாத மொழியன்று. ஸ்பானியத் துறவி டியேகோ பெர்கானோ இயற்றிய இலக்கணம் 1729ஆம் ஆண்டிலும் அகராதி 1732ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஹுவான் கிறிசோஸ்தொமோ சோத்தோ எழுதிய ‘அலாங் தியோஸ்’ என்னும் இசைநாடகம் 1902ஆம் ஆண்டிலே பக்கோலோர் நகரில் அரங்கேறியது.

இத்துணைச் சிறப்பிருந்தும் இன்று இம்மொழி தளர்ச்சியுறுகின்றது. தகாலொகுவை அடிப்படையாகக் கொண்ட பிலிப்பினோவும் ஆங்கிலமுமே கல்விக்கும் அலுவலுக்கும் உரியனவாதலின், தாய்மொழி கப்பம்பாங்கனாயிருந்தும் பிள்ளைகளுடன் தகாலொகுவிற் பேசும் பெற்றோர் பலராயினர். 2012ஆம் ஆண்டு முதல் ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழிகள் போதனாமொழிகளாயின. அவற்றுள் கப்பம்பாங்கனும் ஒன்று. 2024ஆம் ஆண்டுச் சட்டமொன்று அவ்வேற்பாட்டை நிறுத்தி, அவற்றைத் துணைமொழிகளாக்கிவிட்டது.

சோத்தோவின் நாடகம் அரங்கேறிய பக்கோலோர் நகருக்கு நேர்ந்ததையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1991ஆம் ஆண்டிலே பினத்துபோ எரிமலை குமுறியது. அதன் சாம்பல் மழைநீரோடு கலந்து சேற்றுப் பெருக்காகி, 1995ஆம் ஆண்டில் அந்நகரை மூடியது. அங்குள்ள பழந்தேவாலயத்தின் கீழ்ப்பாதி மண்ணுட் புதைந்தது. மக்களோ அதனைக் கைவிட்டாரல்லர். பீடத்தைத் தோண்டியெடுத்து உயர்த்தி அமைத்தனர். சாளரங்களையே வாயில்களாக்கி உட்புகுந்து வழிபட்டனர்.

கோயிலைக் காத்த மக்களுக்கு மொழியைக் காத்தலும் இயலாததன்று. ஆனால் அதற்கு மண்வெட்டி வேண்டியதில்லை. தாய் தன் பிள்ளையுடன் அம்மொழியிலே பேசினாற் போதும். ‘இக்கத்தா’ என்ற சொல் வாழ்வதற்கு இருவரேனும் வேண்டுமன்றோ?