வெந்த கைக்கு இட்லி மாவு வேண்டாம்

திங்கட்கிழமை காலையில் மசினகுடிப் பக்கத்திலிருந்து யாராவது ஒருவர் கையில் துணி சுற்றிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். பிரித்தால் முதலில் தெரிவது காயமில்லை. காய்ந்து ஓடாக ஒட்டியிருக்கும் இட்லி மாவு. அதற்கும் அடியில் டூத்பேஸ்ட். பஜ்ஜிச் சட்டியில் தெறித்த எண்ணெய், குக்கரில் கேக் வைத்து மூடியைத் திறந்தபோது பட்ட சூடு என்று ஏதாவது ஒன்று. பட்டது சனிக்கிழமை சாயங்காலம், வருவது திங்கட்கிழமை.

ராத்திரியில் யானை நிற்கும் ரோடு. ஊட்டிக்கு ஏற வேண்டுமென்றால் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சிரமம் புரிகிறது. வீட்டுக் குழாயில் முதல் மருந்து இருக்கும்போது மாவைத் தேடிப் போவதுதான் புரியவில்லை.

மாவு, பேஸ்ட், இங்க்

மாவு பூசியதும் ஜில்லென்று இருக்கும், உண்மைதான். ஆனால் கிருமிகள் பெருகுவதால்தான் மாவு புளித்துப் பொங்குகிறது. தோல் உரிந்த இடத்தில் அதை நாமே தடவலாமா? பேஸ்ட் இறுகிப்போகும், நாங்கள் அதைக் கழுவி எடுக்கும்போது பிழைத்திருந்த தோலும் சேர்ந்து வரும். அப்போது குழந்தைகள் அலறுவதைப் பெற்றவர்கள் ஒருமுறை கேட்டால் போதும். மஞ்சள், இங்க், காபித்தூள் மூன்றும் காயத்தின் நிறத்தை மறைத்துவிடும். சிவப்பா வெளுப்பா என்று பார்த்துத்தானே ஆழத்தைச் சொல்ல முடியும்? எண்ணெயும் வெண்ணெயும் சூட்டை உள்ளேயே நிறுத்தும். ஐஸ் கட்டியை நேராக வைத்தால் ரத்த ஓட்டம் குறைந்து காயம் இன்னும் ஆழமாகும்.

‘தண்ணி பட்டா கொப்புளம் வந்துடும்’ என்ற பேச்சு இவை எல்லாவற்றையும் விடக் கெடுதல். கொப்புளம் சூட்டால் வருகிறது, தண்ணீரால் அல்ல. வளையல், மோதிரத்தை வீங்குமுன் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுசாக 20 நிமிடம் காட்டுங்கள். சூடு பட்டு 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. குழந்தையானால் மற்ற உடம்பைப் போர்த்திவிடுங்கள், குளிர் தாங்காது. பிறகு சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு வாருங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள்.

இன்னொன்று, ‘வலியே இல்லை டாக்டர், லேசாத்தான் பட்டிருக்கு.’ தோல் வெளுத்துத் தடித்து வலியில்லாமல் இருந்தால் நரம்பு முனைகளே வெந்துவிட்டன என்று அர்த்தம். போன காய்ச்சலுக்கு வாங்கி மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக்கை அதற்குப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் இருப்பதை என்னவென்று சொல்வது?

காலை வரை பொறுக்காதீர்கள்

உங்கள் உள்ளங்கையைவிடப் பெரிய காயம். முகம், கை, மூட்டு, மறைவிடத்தில் பட்டது. குழந்தை, முதியவர், சர்க்கரை நோயாளி. இவற்றில் எதுவானாலும் உடனே 108-ஐ அழையுங்கள். டிடி ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்போம். தேவையான ரத்தப் பரிசோதனையை ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளலாம்.

அறைக்குள் கரி அடுப்பு

வார இறுதியில் மொட்டை மாடியில் பார்பிக்யூ போடுவது இங்கே சாதாரணமாகிவிட்டது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கனலும் கரியை அறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் இப்படித்தான் திருச்சி இளைஞர்கள் இருவர் தூக்கத்திலேயே இறந்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. புகை அடங்கிவிட்டது என்று நம்பாதீர்கள். சாம்பல் பூத்த கரியும் அதை வெளியே விட்டுக்கொண்டேதான் இருக்கும். தலைவலி, குமட்டல், அசதி வந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்துவிடாதீர்கள். அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் அதற்குக் காரணம் அந்த விஷக்காற்றுதான். எல்லோரும் வெளியே வந்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இதில் ஏமாற்றும். விஷக்காற்று ஏறியிருந்தாலும் 98 என்று காட்டும்.

உங்களைக் கேட்டுக்கொள்வது

சமைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து கேக் செய்யுங்கள், சந்தோஷம். தயவுசெய்து நைலான் நைட்டியோடு அடுப்பருகே நிற்காதீர்கள். சட்டியின் கைப்பிடி பிள்ளையின் கைக்கு எட்டும்படி நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம், திருப்பி வையுங்கள். உப்புப் பரப்பி கேக் வைத்த குக்கரில் தண்ணீர் இல்லை. சாதம் வடிக்கும்போது இருப்பதைவிட மிக அதிகமான சூடு அது, ஈரத்துணியால் தூக்காதீர்கள். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், வெடித்துச் சிதறும். கேஸை அணையுங்கள், தட்டால் மூடுங்கள், முழுசாக ஆறும்வரை திறக்காதீர்கள், அவசரப்பட்டுத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடாதீர்கள்.