மலையேறும் வண்டிக்கு எந்த ஃபேன்?

பழைய அம்பாசிடர், பத்மினி, மகிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களிடையே புழங்கும் வைத்தியம் ஒன்று உண்டு. வண்டி மலையில் கொதித்துவிட்டால், என்ஜினோடு பெல்ட்டில் சுழலும் ஃபேனைக் கழற்றிவிட்டு, மாருதி 800 போன்ற சின்னக் காரின் எலெக்ட்ரிக் ஃபேனை ரேடியேட்டரில் கட்டிவிடுவது. செலவு குறைவு, உதிரி எங்கும் கிடைக்கும், பார்க்கவும் நவீனமாக இருக்கும். எலெக்ட்ரிக் ஃபேன் நல்ல கருவிதான், சந்தேகமில்லை. ஆனால் அது நன்றாக உழைப்பது வண்டி நிற்கும் இடத்தில். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் வண்டிக்கு உயிர்நாடி இன்றும் அந்தப் பழைய பெல்ட் ஃபேன்தான். புதியதைக் கூடுதலாக மாட்டிக்கொள்ளலாம், பழையதைக் கழற்றக் கூடாது என்பது என் கட்சி.

கணக்கைப் பார்ப்போம். போடி ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர், போடிமெட்டு 1,370 மீட்டர் அளவில். அடிவாரத்து முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயர வேண்டும். ஆளும் சுமையும் சேர்த்து 2 டன் இருக்கும் ஜீப்பை அவ்வளவு தூக்க 20 மெகாஜூல் வேலை. பழைய என்ஜின் எரிபொருளின் சக்தியில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்துக்கொண்டால், 80 மெகாஜூல் எரிய வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் ரேடியேட்டர் தண்ணீரில் இறங்குகிறது. முக்கால் மணி நேரத்தில் ஏறினால், ரேடியேட்டர் விடாமல் 10 கிலோவாட் வெப்பத்தைக் காற்றில் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இது உயரத்துக்கான பங்கு மட்டுமே. டயர் உராய்வையும் கியர் உராய்வையும் சேர்த்தால் இன்னும் கூடும். இந்த நேரம் முழுக்க வண்டி இரண்டாம் கியரில் 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தாலும், என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் சுழல்கிறது. பெல்ட் ஃபேன் சக்கரத்தின் வேகத்தைப் பார்ப்பதில்லை, என்ஜினின் வேகத்தைப் பார்க்கிறது. வெப்பம் கூடுவதும் அதே என்ஜின் வேகத்தோடுதான். தேவையும் சேவையும் இப்படிச் சேர்ந்து ஏறும் பொருத்தம் பெல்ட் ஃபேனுக்கு வாய்த்தது. இந்தச் சாலையில் அதை ஏன் இழக்க வேண்டும்?

இங்கே சற்று நிற்க வேண்டிய விசித்திரம் ஒன்று இருக்கிறது. வெயில் நாட்களில் சூரியன் மலைச்சரிவைச் சுடவைக்கும்போது, சரிவை ஒட்டிய காற்று சூடாகி மேல்நோக்கி நகர்கிறது. அடிவாரக் காற்று அதன் பின்னாலேயே ஏறுகிறது. போடிமெட்டுச் சரிவு கிழக்கு பார்த்தது, காலையிலிருந்தே வெயில் வாங்குவது. முற்பகலில் ஏறும் ஜீப்போடு இந்தக் காற்றும் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீப்பின் வேகம் 20, காற்றின் வேகம் 15 என்றால் ரேடியேட்டர் முகத்தில் படுவது மிச்சமுள்ள 5 கிலோமீட்டர் காற்று மட்டும். இரண்டு வேகமும் சமமாகிவிட்டால், ஓடும் வண்டியின் ரேடியேட்டருக்கு முன் காற்று அசையாமல் நிற்கிறது. சாலை நகர்கிறது, மரம் நகர்கிறது, காற்று மட்டும் நகரவில்லை! அதே வண்டி அதே நேரத்தில் இறங்கினால் என்ஜினும் உழைப்பதில்லை, காற்றும் எதிரே வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி இறங்கி வீசும் மாதங்களில் கதை நேர்மாறு. அப்போது ஏறும் வண்டிக்குக் காற்று எதிரே வந்து உதவும். ஒரே வண்டி, ஒரே சுமை, ஏப்ரலில் கொதித்து ஜூலையில் கொதிக்காமல் போவதற்கு வெயிலின் உக்கிரம் மட்டும் காரணமல்ல. ‘ஓடுகிற வண்டிக்குத் தானாகக் காற்று கிடைக்கும், ஃபேன் எதற்கு’ என்பது சமவெளிக்குச் சரி. இங்கே ரேடியேட்டர் ஏறக்குறைய முழுதாக ஃபேனையே நம்பியிருக்கிறது.

புதுக் கார்களில் எல்லாம் எலெக்ட்ரிக் ஃபேன்தானே என்று கேட்கலாம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இல் என்ஜின் குறுக்குவாட்டில் படுத்திருந்தது. அதன் தண்டு ரேடியேட்டரைப் பார்க்கவில்லை, அதனால் மின்சார மோட்டாரைத் தவிர வேறு எளிய வழி இல்லை. நீளவாக்கில் என்ஜின் வைத்த லாரிகளில் என்ஜினே சுற்றும் ஃபேன் இன்றும் இருக்கிறது. இரண்டாவது ஆட்சேபம் கனமானது: பெல்ட் ஃபேன் என்ஜின் சக்தியைத் தின்கிறது, ஏற்றத்தில் ஒவ்வொரு குதிரைசக்தியும் தேவையல்லவா? உண்மைதான். ஆனால் ஃபேன் தின்னும் சக்தி அதன் சுழற்சி வேகத்தின் முப்படியாக ஏறுவது. வேகம் பாதியானால் தீனி எட்டில் ஒன்றாகிவிடும். பெரிய இழப்பு 4,000 சுற்றில் நெடுஞ்சாலையில் பறக்கும்போதுதான். 2,000 சுற்றில் மிச்சமாவது சொற்பம். அந்தச் சொற்பத்திலும் ஒரு பகுதியை எலெக்ட்ரிக் ஃபேனுக்கு மின்சாரம் தரும் டைனமோ திரும்ப வாங்கிக்கொள்ளும்.

டைனமோ என்றதும் அடுத்த சிக்கல். பழைய அம்பாசிடர் வகை வண்டிகளின் டைனமோ நல்ல வேகத்தில் 20 ஆம்பியருக்குச் சற்று மேல் தரும். ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றும் தராது. எலெக்ட்ரிக் ஃபேன் கேட்பதோ 8 முதல் 12 ஆம்பியர், அதுவும் பெரும்பாலும் வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது. முழுச் சுமையும் பாட்டரியின் தலையில். மேலே பனிமூட்டத்தில் ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன் எல்லாம் சேர்ந்தால் ஓடும்போதே கணக்கு இடிக்கும். ஆகவே டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட்ட பிறகே எலெக்ட்ரிக் ஃபேன். பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் பூட்டியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இணைப்பு மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுழன்று, வரும் கொஞ்சக் காற்றையும் முன்பக்கம் தள்ளும். சத்தம் மட்டும் பிரமாதமாக இருக்கும்.

உண்மையில், கொதிக்கும் வண்டிகளில் பலவற்றுக்கு எந்தப் புது ஃபேனும் தேவையில்லை. உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்குழாய் அடைத்த ரேடியேட்டர், மண்ணும் பூச்சியும் அப்பிய தகடுகள், ரப்பர் செத்த மூடி, இவையே முதல் குற்றவாளிகள். போடிமெட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். அந்த வரம்பை உயர்த்துவது மூடி பிடித்து வைக்கும் அழுத்தம்தான். ஒரு மூடியின் விலைக்குள் முடியும் வேலையை மோட்டார் வாங்கித் தீர்க்கப் பார்க்கிறோம். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது இன்னொரு வியாதி; மலைக்குளிரில் என்ஜின் சூடேறாமலே ஓடித் தேய்ந்துபோகும். ஃபேனைச் சுற்றிய கூண்டைக் கழற்றிவிடுவதும் அப்படியே. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஈரக்காற்று வெளியேற வழி விடாமல் ஃபேன் ஓட்டினால் அதே காற்றுதான் அறைக்குள் சுற்றும். கூண்டில்லாத ஃபேனும் தான் இழுத்த சூட்டுக் காற்றையே ஓரத்தில் திரும்ப விழுங்குகிறது. அளவுக்கு மேல் ஆளேற்றுவதையும் சொல்லியாக வேண்டும். விடிகாலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பில் பத்துப் பேர் கூடினால் 500 கிலோவுக்கு மேல் கூடுகிறது, வெப்பம் கால் பங்கு உயர்கிறது. அங்கே முதலில் சூடாவது என்ஜின், அடுத்தது இறக்கத்தில் பிரேக்.

இத்தனைக்கும் பிறகு எலெக்ட்ரிக் ஃபேனுக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. ஏறி முடித்துச் செக்போஸ்டில் நிற்கும்போது என்ஜின் சுற்று 800க்கு இறங்கிவிடும், இரும்புக்குள் தேங்கிய சூடு இறங்காது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி கிளம்ப மறுக்கும்; ஈரத்துணி சுற்றுவது அதற்குத்தான். ரேடியேட்டருக்கு முன்னால், காற்றைப் பின்னோக்கித் தள்ளும்படி ஒரு சிறு எலெக்ட்ரிக் ஃபேன் இருந்தால் அந்தப் பத்து நிமிடத்தை அது பார்த்துக்கொள்ளும். தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் பட்டை நுழைத்துக் கட்டாமல் (அதிர்வில் அது குழாயை அறுத்துவிடும்) ரேடியேட்டர் சட்டத்தின் பழைய போல்ட்டுகளிலேயே இரும்புப் பட்டை கொடுத்துப் பூட்டலாம். பழமை கெடுமே என்று தயங்குபவர்களுக்கும் இதில் துளைபோடும் வேலை இல்லை. ரிலேயும் ஃபியூஸும் கட்டாயம். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறப்பது என்றால், ஃபேன் சுவிட்ச் 92ஐ ஒட்டி வைக்க வேண்டும்; 80இல் வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது.