மூன்று திரிகளின் வெளிச்சத்தில்

பிறீமேசன் சகோதரர் கூடும் மண்டபத்தில் மூன்று மெழுகுதிரிகளுக்கு இடம் வகுத்திருக்கிறார்கள். ஆங்கில மரபில் ஒன்று தலைவர் அமரும் கிழக்கில். மற்றவை தெற்கிலும் மேற்கிலும். வடக்கிற்கு விளக்கில்லை. சூரியன், சந்திரன், சபைத் தலைவர் ஆகிய மூன்றையும் இத்திரிகள் குறிக்கும் என்பர். இரகசியச் சங்கம் என்று ஊரார் மிரளும் அவ்வமைப்பிலே எனக்குள்ள ஆர்வம் அதன் இரகசியங்களைப் பற்றியதன்று. அந்த மூன்று சுடர்களைப் பற்றியதே.

1717 ஜூன் 24 ஆம் திகதி லண்டனில், சென் போல் தேவாலயத்தின் அயலிலிருந்த மதுச்சாலையொன்றில் நான்கு சபைகள் சேர்ந்து பெருஞ்சபையை நிறுவின என்பது அச்சங்கத்தார் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. 1721 என்று வாதிடும் ஆராய்ச்சியாளரும் உளர். எந்த ஆண்டாயினும், அன்று மெழுகுதிரி வெறும் சடங்குப் பொருளன்று. மாலையிற் கூடுவோர்க்கு அது அன்றாடத் தேவை. இங்கிலாந்தில் 1709 முதல் 1831 வரை மெழுகுதிரிக்கு வரி இருந்தது. தேன்மெழுகுத் திரி செல்வர்க்கே எட்டும். ஏனையோர்க்கு மாட்டுக் கொழுப்பிலோ ஆட்டுக் கொழுப்பிலோ வார்த்த திரிதான். அதன் நாற்றத்தையும் புகையையும் பொறுத்தே இருக்கவேண்டும். கருகிய நுனியை அடிக்கடி கத்தரியாவிட்டால் சுடர் மங்கும், கொழுப்பு உருகி வழியும். ஆதலால் எத்துணைக் கம்பீரமான சொற்பொழிவின் நடுவிலும் ஒருவர் எழுந்து திரி கத்தரிக்க வேண்டியிருந்தது. 1825 ஆம் ஆண்டளவில் பிரான்சில் பின்னல் திரி தோன்றிய பின்னரே அத்தொல்லை ஒழிந்தது. பின்னிய திரி எரியும்போதே வளைந்து தன் நுனியைத் தானே சுட்டுச் சாம்பலாக்கிவிடும். நாட்டுப்புறச் சபைகள் பல பௌர்ணமியை ஒட்டியே கூட்ட நாள் குறித்தன. உள்ளே திரி, வீடு திரும்பும் வழிக்கு நிலா!

சங்கீத மேதை மொசார்ட் 1784 டிசம்பர் 14 ஆம் திகதி வியன்னாச் சபையொன்றிற் சேர்ந்தார். அக்காலத்து வியன்னாச் சபையொன்றின் ஓவியம் அந்நகர நூதனசாலையில் இருக்கிறது. இரு மருங்கிலும் சகோதரர் எதிரெதிரே அமர்ந்திருக்க, கண் கட்டப்பட்ட ஒருவரை உள்ளே அழைத்து வருகின்றனர். வலப்புறத்து ஓரத்தில் இருப்பவர் மொசார்ட்தான் என்பர் சிலர், மறுப்பாரும் உளர். என் கண் செல்வது அந்தக் கட்டுண்ட மனிதரிடமே. இருளிலே நெடுநேரம் இருந்த விழி முழுதும் பழகுவதற்கு இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். கருமணி விரியும், விழித்திரையின் நுண்கலங்கள் கூர்மை பெறும். அத்தகைய கண்ணைத் திடீரெனத் திறந்தால் ஒரு சிறு சுடரும் சூரியன் போலத் தோன்றாதா? ‘ஒளி பெற்றேன்’ என்று புதியவர் உணர்வதில் தத்துவம் பாதி, உடற்கூறு பாதி.

கூட்டத்தின் மனநிலையும் இவ்வாறே மாறுகிறது. சுடரிலிருந்து விலகும் தூரம் இருமடங்கானால் வெளிச்சம் நாலிலொன்றாய்க் குறையும். அருகிலிருப்பவர் முகம் பொன்னிறமாய்த் துலங்க, அப்பாலிருப்பவர் நிழலாகிவிடுவர். மின்விளக்கின் கீழ் எல்லோரும் ஒரே அளவாய்த் தெரிவதால் யாரும் யாரையும் நோக்குவதில்லை. திரியின் முன் நாம் நெருங்கிக் குனிகிறோம். குரலும் தானே தணிகிறது. சில ஆண்டுகளின் முன் கொழும்பில் ஒரு நண்பர் அழைக்க, வெளியாரும் கலந்துகொள்ளக்கூடிய அவர்களது விருந்தொன்றுக்குச் சென்றிருந்தேன். ஆரவாரித்துக்கொண்டிருந்த மேசை, விளக்குகளைத் தணித்துத் திரி ஏற்றியதும் அடங்கிற்று. நண்பர் என் காதில், “லைட்டை நூர்த்தால்தான் எங்கட ஆக்கள் வாயை மூடுவினம்” என்றார்.

ஆனால், மங்கிய ஒளி எல்லாமே மனத்தை இளக்கும் என்று நான் சொல்லமாட்டேன். 1990 இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி, ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்த தலைமுறை நான். அந்த விளக்கைச் சுற்றியும் நெருங்கித்தான் அமர்ந்தோம். குரலும் தணிந்துதான் இருந்தது. எண்ணெய் தீர்ந்துவிடுமோ என்பதே எங்கள் எண்ணம். தாமாக விரும்பி விளக்கணைப்பவர் வேறு, விளக்கணைக்கப்பட்டவர் வேறு. இதை எண்ணாமல் மெழுகுதிரியின் அழகைப் புகழ்வோரிடம் எனக்குச் சற்று எரிச்சலுண்டு.

சகோதரத்துவத்துக்கும் இந்த ஒளியின் எல்லை இருந்தது. பிரபுவும் வணிகரும் சமமாய் அமரலாம் என்று பெருமை பேசிய சபைகளின் வாசலில் பெண்களுக்கு இடமில்லை. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பிரின்ஸ் ஹோல் என்ற கறுப்பினத்தவரும் அவர் தோழர் பதினால்வரும் 1775 இல் பிரித்தானியப் படையினரின் சபையொன்றின் மூலமே உள்ளே வரமுடிந்தது. அங்குள்ள வெள்ளையர் சபைகள் அவர்களைத் தம்மவராய் ஏற்கவில்லை. 1784 இல் லண்டன் பெருஞ்சபையிடமிருந்தே தம் சபைக்குப் பட்டயம் பெற்றனர். தங்களுக்கென ஒரு கிழக்கு, ஒரு தெற்கு, ஒரு மேற்கு அமைத்து மூன்று திரிகளைத் தாமே ஏற்றிக்கொண்டனர்.

இப்போது பல மண்டபங்களில் திரி வடிவிலே செய்த மின்குமிழ்களே நிற்கின்றன. தீப்பயமில்லை, கம்பளத்தில் மெழுகு சொட்டுவதில்லை என்று பொறுப்பாளர் மகிழ்கின்றனர், அதுவும் நியாயமே. ஆயினும் அக்குமிழ் ஆடுவதில்லை. கதவைத் திறந்து ஒருவர் நுழையும்போது, காற்றிலே சாய்ந்து, வந்தவரை நோக்கி எல்லோரையும் திரும்பச் செய்வதுமில்லை.