சாவி யார் கையில்?

டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், கொஞ்சம் நேரம் ஆகும். விஞ்ஞானக் கதைகளிலும் மாயக் கதைகளிலும் திரும்பத் திரும்ப வரும் ஓர் ஏற்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு பெண். சொந்த சனமே அவளைத் தள்ளி வைத்திருக்கிறது, அல்லது அவளே அவர்களை மீறிக் கிளம்பி வந்திருக்கிறாள். எதிரே அவளுடைய பகையாளி. சில கதைகளில் அது மனிதப் பிறவியே இல்லை. கதை முடிவதற்குள் இருவருக்கும் நட்பாகிவிடுகிறது. இப்படிச் சுருக்கிச் சொன்னால், நல்ல மனசு எல்லாவற்றையும் வென்றுவிட்டது போலத் தோன்றும். கதையைக் கையில் எடுத்துப் படித்தால் நடப்பது வேறு. எழுதியவர் முதலில் இருவரையும் பூட்டிய இடத்துக்குக் கொண்டுவருகிறார். சாவி யாரிடம் இருக்கிறது, சாவி வைத்திருப்பவருக்கு மற்றவரால் ஆக வேண்டிய காரியம் உண்டா என்பதை வைத்துத்தான் பிறகு எல்லாம் நடக்கிறது.

மூன்று எழுத்தாளர்களை எடுத்துக்கொள்கிறேன். மூவரும் அமெரிக்காவில் எழுதியவர்கள், மூவரும் பெண்கள். கதை முடிவுகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும், அதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாமவர் அர்சுலா லெ குவின். 'எர்த்சீ' என்னும் தீவுக்கூட்டத்தை வைத்து அவர் எழுதிய நாவல் வரிசையில் இரண்டாவது, 1971இல் புத்தகமாக வந்த 'தி டூம்ஸ் ஆஃப் ஆட்டுவான்'. டெனார் என்ற சிறுமியை ஐந்து வயதில் வீட்டிலிருந்து கொண்டுபோய்விடுகிறார்கள். செத்துப்போன தலைமைப் பூசாரிணி மறுபடி பிறந்திருக்கிறாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அவள் பெயரைப் பறித்துக்கொண்டு 'ஆர்ஹா' என்று பட்டம் கட்டுகிறார்கள். தின்னப்பட்டவள் என்று அர்த்தம். தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட பிள்ளையின் நிலைமை நமக்குச் சொல்லிப் புரிய வேண்டியதில்லை. எல்லோரும் கும்பிடுவார்கள், யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அவள் பூசாரிணியாக இருக்கும் கல்லறைகளுக்குக் கீழே வெளிச்சமே படக்கூடாத குகையும், அதை ஒட்டி ஒரு புதிர்ப்பாதையும் இருக்கின்றன. அதன் ஒவ்வொரு திருப்பத்தையும் சுவரைத் தடவித் தடவியே அவள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். அவளுக்கென்று உலகத்தில் இருக்கும் ஒரே சொத்து அந்த இருட்டுத்தான்.

அங்கே ஒருநாள் கெட் என்ற மந்திரவாதி கைத்தடியில் வெளிச்சத்தோடு வந்து நிற்கிறான், உடைந்த வளையம் ஒன்றின் மறுபாதியைத் தேடி. அவனை உள்ளே விட்டுக் கதவை அடைத்துவிடுகிறாள் டெனார். தாகத்தில் சாகட்டும் என்று எண்ணித்தான் அடைக்கிறாள். மேலே இருக்கும் ஒளிவுத்துளைகள் வழியாக அவன் தடுமாறுவதைப் பார்க்கிறாள். பிறகு தண்ணீர் கொடுக்கிறாள். இரக்கத்தால் என்று லெ குவின் எங்கும் சுலபமாகச் சொல்லிவிடுவதில்லை. ஆர்வம் இருக்கிறது, அதிகாரம் செய்து பார்க்கும் ருசி இருக்கிறது, தன் வாழ்வில் முதன்முறையாகப் புதிதாக ஒன்று நடக்கிறதே என்ற தவிப்பு இருக்கிறது. இன்னொரு பூசாரிணியான காசில் இவளை ஒழித்துக்கட்டக் காத்திருக்கிறாள் என்பது மெல்ல மெல்லத் தெரியவரும்போது, அடைபட்டவன் அவன் மட்டும் இல்லை என்று ஆகிவிடுகிறது. அந்த இருட்டில் குடியிருக்கும் பெயரற்ற சக்திகள் அவர்களை நசுக்கிவிடாமல் தடுத்துக்கொண்டிருப்பதிலேயே அவனுடைய பலம் முழுக்கச் செலவாகிறது. வழி அவளுக்குத்தான் தெரியும். ஒருவர் இல்லாமல் மற்றவரால் வெளியே வர முடியாது. அவளுடைய பழைய பெயரை அவளுக்குத் திருப்பிக் கொடுப்பவனும் அவன்தான்.

இதில் தோலின் நிறமும் இருக்கிறது. டெனாரின் மக்கள் வெள்ளை நிறத்தவர். கெட் செம்பழுப்பு நிறம். உள்தீவுகளின் கருநிற மந்திரவாதிகள் சபிக்கப்பட்டவர்கள் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். 2004இல் இந்தக் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் கெட்டுக்கு வெள்ளைக்கார நடிகரைப் போட்டார்கள். லெ குவின் அதைக் கண்டித்துப் பகிரங்கமாகவே எழுதினார். எழுதாமல் எப்படி இருப்பார்? அந்த நட்பில் என்ன கடக்கப்பட்டது என்பதையே துடைத்துவிட்டார்களே.

அந்த நாவலில் எனக்கு ஒரு குறை உண்டு. வெளியே வந்த டெனார் அடுத்து என்ன ஆவாள் என்பதற்கு அதில் இடமே இல்லை. லெ குவினுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். 1990இல் 'டெஹானு' எழுதினார். அதில் டெனார் நடுவயது விதவை, பண்ணையைப் பார்த்துக்கொள்கிறவள், தீயில் பாதி முகம் வெந்துபோன ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். கெட் மந்திரசக்தி அத்தனையும் தீர்ந்து அவளிடம் வந்து சேர்கிறான். ஊரார் முகம் கொடுக்காமல் போகும் அந்தக் குழந்தைதான் கடைசியில் டிராகனைக் கூப்பிட்டு இருவரையும் காப்பாற்றுகிறது.

அடுத்தவர் ஆக்டேவியா பட்லர், கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் 1947இல் பிறந்த கறுப்பினப் பெண். 1987இல் வந்த 'டான்' நாவலில் அணுஆயுதப் போரில் பூமி அழிந்துவிட்டது. லிலித் என்ற பெண் கண் விழிக்கும்போது அந்நியர்களின் கப்பலில் ஓர் அறைக்குள் இருக்கிறாள். இரண்டரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவளைக் காப்பாற்றியவர்கள் ஓவன்காலி என்னும் இனம். கண், காது, மூக்கு என்று எதுவும் தனியாக இல்லாமல் உடம்பெல்லாம் நெளியும் உணரிழைகள். ஜ்டாயா என்ற ஒருவர் அவளோடு அந்த அறையில் தங்குகிறார். அருவருப்பு தணிந்து, அவரைத் தொடும் அளவுக்கு அவள் பழகினால்தான் கதவு திறக்கும்.

ஜ்டாயா கனிவானவர், பொய் சொல்லாதவர், பொறுமைசாலி. ஆனாலும் சாவி அவர்கள் கையில். ஓவன்காலிகளுக்கும் அவளால் காரியம் இருக்கிறது: மனித மரபணுக்களைத் தங்களுடையதோடு கலக்க வேண்டும். அதற்கு அவள் சம்மதத்தை உள்ளபடி கேட்பதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் பிறக்கும் நெருக்கத்தை நட்பு என்று சொல்லலாமா? பட்லர் நம்மை அந்தக் கேள்வியோடு விட்டுவிடுகிறார், பதிலைத் தருவதில்லை. மற்ற மனிதர்களை உறக்கத்திலிருந்து எழுப்பும் வேலையை லிலித்திடம் ஒப்படைக்கிறார்கள். எழுந்தவர்களோ அவளைக் காட்டிக்கொடுப்பவள் என்கிறார்கள்.

பட்லரின் அம்மா வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தவர். முதலாளி வீடுகளுக்குள் பின்வாசல் வழியாக அவர் நுழைவதைச் சிறுவயதில் பட்லர் பார்த்திருக்கிறார். கல்லூரியில், அடங்கிப்போன முந்தைய தலைமுறை மீது ஓர் இளைஞன் ஆத்திரமாகப் பேசக் கேட்டதுதான் 'கிண்ட்ரெட்' நாவலுக்கு விதை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். லிலித்தைப் படிக்கும்போதும் எனக்கு அந்தப் பின்வாசல்தான் நினைவுக்கு வரும். உயிரோடு இருக்கவும், தன் பிள்ளையை உயிரோடு வைத்திருக்கவும் பலசாலியோடு பழகியவளைத் துரோகி என்று சொல்ல யாருக்கு உரிமை?

மூன்றாமவர் ந்னெடி ஒகோராஃபோர். நைஜீரிய இக்போ பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். ஓட்டத்திலும் டென்னிஸிலும் ஊறியிருந்த பெண், பத்தொன்பது வயதில் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது கால்கள் செயலிழந்திருந்தன. மருத்துவமனைப் படுக்கையில்தான் எழுதத் தொடங்கினார். பிறகு மறுபடி நடக்கவும் கற்றுக்கொண்டார். ஒரே நாளில் தன் உடம்பே தனக்கு அந்நியமாகிப்போவது எப்படியிருக்கும் என்பதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

2015இல் வந்த 'பின்டி' என்ற அவருடைய குறுநாவலுக்கு நெபுலா, ஹ்யூகோ இரண்டு விருதுகளும் கிடைத்தன. கதாநாயகி பின்டிக்குப் பதினாறு வயது. ஹிம்பா இனப் பெண். ஹிம்பாக்கள் இன்றும் நமீபியாவின் வடமேற்கிலும் தெற்கு அங்கோலாவிலும் வாழும் மக்கள். பெண்கள் செங்காவிப் பொடியையும் வெண்ணெய்க் கொழுப்பையும் குழைத்து உடம்பிலும் சடையிலும் பூசிக்கொள்வார்கள். ஓட்ஜிஸே என்பது அந்தப் பூச்சின் பெயர். ஒகோராஃபோரின் எதிர்கால உலகத்திலும் ஹிம்பாக்கள் அதைக் கைவிடவில்லை. பின்டி கணிதத்தில் மேதை. வேறொரு கிரகத்தில் உள்ள ஊம்ஸா பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைக்கிறது. அவள் இனத்தில் யாரும் மண்ணை விட்டுப் போவதில்லை. வீட்டில் சொல்லாமல் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறாள். இனி அந்த வீட்டுக்கு அவள் பழைய பெண் இல்லை. விண்கல நிலையத்தின் வரிசையிலோ, பெரும்பான்மை கூஷ் இனத்துப் பெண் ஒருத்தி அவள் சடையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, விரலை மோந்தும் பார்க்கிறாள்.

கப்பலில் மட்டும்தான் அவளுக்குச் சேக்காளிகள் கிடைக்கிறார்கள், அவளைப் போலவே கணக்குப் பைத்தியங்கள். ஹேரு என்ற பையன் அவள் சடைப் பின்னலில் ஒரு கணித ஒழுங்கு இருப்பதைக் கண்டுபிடித்துவிடுகிறான். வெறும் அழகு என்று எல்லோரும் நினைத்ததில் குடும்பத்தின் மரபே குறிப்பாகப் பின்னப்பட்டிருக்கிறது. அதை ஒருவன் படித்துவிட்டான். அந்த மகிழ்ச்சி நீடிப்பதில்லை. மெட்யூஸ் என்ற இனம் கப்பலுக்குள் புகுந்து, உணவுக்கூடத்தில் அவள் கண்ணெதிரே ஹேருவையும் மற்ற மாணவர்களையும் கொன்றுவிடுகிறது. மெட்யூஸ்கள் ஜெல்லிமீன் மாதிரி மிதக்கும் உயிர்கள், நம் கடற்கரையில் சொறிமீன் என்பார்களே, அந்த வடிவம். ஷார்ஜாவின் காலித் காயலில் தான் பார்த்த சின்ன நீல ஜெல்லிமீனுக்குத்தான் ஒகோராஃபோர் இந்தப் புத்தகத்தைச் சமர்ப்பணம் செய்திருக்கிறார்.

இந்தக் கதையில் பூட்டு உள்பக்கம் இருக்கிறது. பின்டி தன் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறாள். பாலைவனத்தில் எப்போதோ கண்டெடுத்த, இன்னதென்று யாருக்கும் தெரியாத எடான் என்னும் பழம்பொருள் ஒன்று அவளைக் காக்கிறது. மெட்யூஸ்களின் பேச்சும் அதன் மூலமாகத்தான் அவளுக்குப் புரிகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் ஓக்வு என்ற இளம் மெட்யூஸ், மனிதர்கள் மேல் தீராத வெறுப்போடு. உள்ளே இருப்பவளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் தீர்ந்துகொண்டிருக்கின்றன. வெளியே இருப்பதற்கு உடம்பில் காயம். அவள் பூசியிருக்கும் ஓட்ஜிஸே பட்டதும் அந்தக் காயம் ஆறத் தொடங்குகிறது. வரிசையில் நின்றவள் மோந்து பார்த்த அதே பூச்சு. இதை வெறும் வசதிக்கான கதைத் திருப்பம் என்று சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளை எது எல்லோரிடமிருந்தும் பிரித்து வைத்ததோ, அதை அவள் வழியில் எங்கும் கழுவிப் போட்டிருக்கலாம். போடவில்லை. அதனால்தான் எதிரிக்குக் கொடுக்க அவளிடம் ஒன்று இருந்தது.

மெட்யூஸ்களின் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. அவர்கள் தலைவரின் கொடுக்கை ஆராய்ச்சியாளர்கள் திருடிப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதைச் சண்டை இல்லாமல் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று பின்டி ஏற்றுக்கொள்கிறாள். விலை என்ன தெரியுமா? அவளை அவர்கள் கொட்டுகிறார்கள். அவளுடைய சடைகள் மெட்யூஸின் உணரிழைகளாக மாறிவிடுகின்றன. பல்கலைக்கழகம் கொடுக்கைத் திருப்பித் தருகிறது, ஓக்வுவுக்கும் அங்கே படிக்க இடம் தருகிறது. புது மண்ணில் ஓட்ஜிஸே தயாரிக்க முடியுமா என்று பின்டி முயல்கிறாள். அது சரியாக வந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது ஓக்வுவின் உடம்பில்தான்.

நண்பர்களைக் கொன்றவர்களோடு இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் புத்தகம் அந்த இடத்தை அவசரமாகக் கடக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். 2017இல் வந்த 'பின்டி: ஹோம்' அந்தக் கடனை அடைக்கிறது. இரத்தம் தெறித்த அந்த உணவுக்கூடம் அவளை விடுவதில்லை. மனநல சிகிச்சைக்குப் போகிறாள். தன்னுடையது என்று சொல்ல முடியாத ஒரு கோபம் உள்ளிருந்து பொங்குகிறது. ஓக்வுவும் திருந்திய பிள்ளையாகிவிடவில்லை, ஆயுதங்களைப் பற்றித்தான் படிக்கிறது. அவர்கள் நண்பர்கள்தான், நடந்தது நடந்ததாகவே இருக்கிறது.

அந்த இரண்டாம் புத்தகத்தில்தான் ஒகோராஃபோர் பெரிய துணிச்சலைக் காட்டுகிறார் என்பேன். ஓக்வுவைக் கூட்டிக்கொண்டு பின்டி ஊருக்கு வருகிறாள். வீட்டார் வரவேற்பில் பாதி கண்ணீர், பாதி ஏச்சு. இனி உன்னை யார் கட்டிக்கொள்வார்கள் என்கிறார்கள். அவள் பக்கம் நின்று அவர்கள்மேல் நாம் கோபப்படும் நேரத்தில், அவள் மனதிலும் ஓர் ஏளனம் இருப்பது வெளியே வருகிறது. ஹிம்பாக்கள் காட்டுமிராண்டிகள் என்று ஒதுக்கும் பாலைவன மக்கள் சிலர் இருக்கிறார்கள். காற்றில் கையை ஆட்டிக்கொண்டே நிற்பார்கள். அது புத்திக்கோளாறு என்று கேட்டு வளர்ந்தவள் பின்டி, அதை அப்படியே நம்பியும் இருந்தாள். உண்மையில் அந்தக் கையசைவு, விண்ணிலிருந்து வந்தவர்கள் அவர்களுக்குத் தந்துவிட்டுப் போன தொழில்நுட்பத்தால் தொலைவில் இருப்பவரோடு பேசும் முறை. அவளை அழைத்துப் போக ஓர் இரவு வந்து நிற்பவர்கள் அந்தப் பாலைவன மக்கள். அவர்களுக்கு முன்னால் நிற்கும் கிழவி, அவளுடைய அப்பாவைப் பெற்றவள்.