டிசைன் போட எந்தப் பென் டேப்லெட் வாங்கலாம்?



பட்டு நூலுக்கும் சரிகைக்கும் நாம் பைசா கணக்குப் பார்க்கிறோம். டிசைனுக்கு அப்படிப் பார்ப்பதில்லை. ஆனால் கடையில் சேலையைப் பிரித்துப் போட்டதும் வாடிக்கையாளர் கண் முதலில் போவது முந்திக்கும் கரைக்கும்தான். செவிலிமேட்டிலும் பிள்ளையார்பாளையத்திலும் தறிக்குப் போகும் டிசைனை முன்பு கிராப் தாளில் பென்சிலால் போட்டார்கள். இப்போது அந்த வேலை கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. மௌஸைப் பிடித்துக்கொண்டு மயில் கழுத்தை வளைப்பது, செங்கல்லைப் பிடித்துக் கோலம் போடுவது போலத்தான். அதனால் டிசைன் போடுபவருக்குப் பென் டேப்லெட் வாங்கித் தர நம்மில் பலர் முன்வருகிறோம். சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் இதற்கு விலை உண்டு. எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதை இங்கே பார்ப்போம்.

வேலை செய்யும் விதம்

தட்டையான பலகை ஒன்று, பேனா ஒன்று. பலகையின் மேல் பேனாவை ஓட்டினால் கம்ப்யூட்டர் திரையில் கோடு விழும். 1983ல் ஜப்பானில் தொடங்கிய 'வாக்காம்' இத்தொழிலில் பழைய பெயர். சீனாவின் 'ஹூயான்', 'எக்ஸ்பி-பென்' ஆகியவை குறைந்த விலையில் கிடைக்கின்றன. நல்ல வகைகளில் பேனாவுக்குப் பேட்டரி தேவையில்லை. பலகைக்குள் இருந்து எழும் மின்காந்த அலையே பேனாவுக்குள் உள்ள கம்பிச் சுருளுக்குச் சக்தி தருகிறது. பேட்டரி போடும் பேனா கனமாக இருக்கும், அவசரத்தில் நின்றும் போகும். ஆகவே பேட்டரி இல்லாத பேனாவையே கேட்டு வாங்க வேண்டும்.

பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்

பெட்டியின் மேல் 4096, 8192, 16384 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அத்தனை படிகளாகப் பிரித்து அறியும் என்று பொருள். வர்ணம் தீட்டும் ஓவியருக்கு அழுத்தம் முக்கியம். நம் தொழிலில் டிசைன் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஜக்கார்டு பெட்டி. 1804ல் பிரான்சின் ஜோசப் மேரி ஜக்கார்டு கொண்டுவந்த அந்த முறைக்குத் தெரிந்தது இரண்டே செய்திதான்: அட்டையில் ஓட்டை உண்டு, அல்லது இல்லை. கொக்கி தூக்கும், அல்லது தூக்காது. அட்டையே இல்லாத மின்னணு ஜக்கார்டிலும் கணக்கு இதுவே.

240 கொக்கிப் பெட்டியில், ஊடைக்கு ஓர் அட்டை என்று 600 அட்டை ஓடும் டிசைனை எடுத்துக்கொள்வோம். கிராப்பில் மொத்தம் 1,44,000 கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. இதில் 16384 படி அழுத்தத்துக்கு ஏது இடம்? முதலில் கைவரைவு போடும்போது கோடு தடித்தும் மெலிந்தும் வர அழுத்தம் உதவும். அதற்கு 4096 தாராளம். அதற்கு மேல் உள்ள எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

அளவுதான் முக்கியம்

பலகை முழுவதும் திரை முழுவதற்கும் ஈடாக அமைகிறது. திரை 20 அங்குல அகலம், பலகையின் வரையும் பகுதி 6 அங்குலம் என்றால், கை ஓர் அங்குலம் நகரும்போது கோடு மூன்று அங்குலத்துக்கு மேல் ஓடிவிடும். கை சற்று நடுங்கினாலும் அன்னத்தின் வளைவு கோணலாகிவிடும். 10 அங்குலப் பலகையில் இது இரண்டு அங்குலமாகக் குறைகிறது. கை பழகிய டிசைனருக்கு நடுத்தர அளவே ஏற்றது. சிறியது கட்டத்தைத் திருத்தும் வேலைக்குப் போதும்.

திரையுள்ள வகை

திரையின் மேலேயே வரையும் வகையும் உண்டு. விலை பல மடங்கு. சாதாரண வகையில் கை கீழே இருக்கும், கண் எதிரே திரையில் இருக்கும். முப்பது வருடம் தாளில் போட்டவருக்கு முதலில் இது தடுமாற்றம் தரும். சில வாரம் பொறுத்துப் பழகினால் பெரும்பாலோருக்கு வந்துவிடும். பழகிப் பார்த்தும் வராதவருக்கு மட்டும் திரையுள்ளதை யோசிக்கலாம். அவருடைய கையில் உள்ள யாழியும் கோபுரக் கரையும் கடையில் விலைக்குக் கிடைப்பவை அல்ல. கருவி ஒத்துவராமல் அவர் ஒதுங்கிவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. டிசைனரை உடன் அழைத்துச் சென்று, அவர் கையால் வரைந்து பார்க்கச் செய்யுங்கள். இடது கைக்காரர் என்றால் பலகையைத் திருப்பி வைத்து வேலை செய்ய முடியுமா என்றும் பாருங்கள்.

2. பேனா முனை தேயும் பொருள். மாற்று முனைகளைச் சேர்த்தே வாங்குங்கள். தேய்ந்த முனை பலகையைக் கீறிவிடும்.

3. அதை இயக்கும் டிரைவர் நம் கம்ப்யூட்டருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். பழைய டேப்லெட்டின் டிரைவர் இருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் தகராறு.

4. ஜி.எஸ்.டி. பில்லும் வாரண்டியும் இல்லாமல் வாங்க வேண்டாம். பேனா மட்டும் தனியாகக் கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள்.

5. வரைய 'கிரிட்டா' என்னும் மென்பொருள் இலவசம். கட்டம் நிரப்பும்போது ஓரம் மங்கலாகும் பிரஷ்ஷை விட்டு, கூர்மையாக விழும் வகையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஓரத்தில் சாம்பல் நிறம் விழுந்தால் அது ஓட்டையா இல்லையா என்று அட்டை குத்துபவர் திகைப்பார். தவறிய ஒரு கட்டம் டிசைன் திரும்பும்போதெல்லாம் சேலை நெடுகத் தெரியும்.

தறியில் ஏறிய பின் தெரியும் பிழைக்கு நெசவாளரின் பல நாள் உழைப்பும் பட்டும் சரிகையும் பலியாகின்றன. அதைத் தடுப்பது விலை உயர்ந்த பலகை அல்ல. கைக்கு ஏற்ற பலகை. நடுத்தர அளவு, பேட்டரி இல்லாத பேனா, மாற்று முனைகள், முறையான பில். இவை நான்கும் இருந்தால் போதும். மிச்சமாகும் பணத்தை டிசைன் போடுபவரின் கூலியில் சேர்த்துக் கொடுத்தால் நம் சேலையும் சிறக்கும், அவர் வீடும் சிறக்கும்.