ஊர்ப்படம் வரையுமுன்

முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கத் தீவு அமைந்துள்ளது. இப்பகுதி ஊராட்சியொன்று தூர்வார வேண்டிய வாய்க்கால்களைக் கிராம சபையில் படமாக வைக்க விரும்புவதாகக் கொள்வோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப்படத்தில் ஆறு, சாலை, வாய்க்கால் ஆகியன கோடுகளாக இலவசமாய்க் கிடைக்கின்றன. இன்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் அவற்றுக்கு வண்ணந்தீட்டி அச்சிடலாம்.

ஆயின் இடையே ஒரு வேலை உண்டு. பொதுப்படம் இடங்களை அட்சரேகை, தீர்க்கரேகைகளால் குறிக்கிறது. வரைகலை மென்பொருளோ தாளின் அளவை மட்டுமே அறியும். இணையப் படங்களில் வழங்கும் மெர்க்காட்டர் முறையிலேயே எடுத்து அளந்தோமானால், கிழக்கு மேற்காக ஓடும் 1,000 மீட்டர் வாய்க்கால் ஏறத்தாழ 1,018 மீட்டராகக் காணும். இல்லாத 18 மீட்டருக்கும் மதிப்பீட்டில் கூலி எழுதுவோம்!

ஆகவே க்யூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளில் படத்தை முதலில் யுடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்ற வேண்டும். பிழை கிலோமீட்டருக்கு அரை மீட்டருக்குள் அடங்கிவிடும். பின்னர் ஊருக்குப் புறம்பானவற்றை வெட்டி நீக்கி, ஆறு, வாய்க்கால், சாலைகளைத் தனித்தனி அடுக்குகளாக்கி, 1:10,000 என்னும் அளவில் எஸ்விஜி கோப்பாக எடுக்கலாம். தாளில் 1 சென்டிமீட்டர் தரையில் 100 மீட்டராகும். அளவுகோல் பட்டையையும் இங்கேயே வரைந்துவிடுவது நலம். பின்னால் எவரேனும் படம் முழுவதையும் சேர்த்துப் பெரிதாக்கினால், பட்டையும் உடன் வளரும்.

வயல் எல்லைத் தகராறுக்கு இப்படம் சான்றாகாது. அதற்கு நில அளவைத் துறையின் புலப்படமே வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்க்குரிய நன்றிக் குறிப்பைப் படத்தின் ஓரத்தில் அச்சிடுதல் உரிம விதியாகும்.