ஓடையை அடைத்தது யார்?

பருப்பு வரத்து, வத்தல் விலை, வரிப் படிவம் என்றுதான் இந்தப் பக்கங்களில் நான் எழுதுவது வழக்கம். இம்முறை மழையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தூத்துக்குடி வியாபாரிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே 70 செ.மீ.க்குக் குறைவுதான். திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 செ.மீ.க்கு மேல். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கிய பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைச் சமைத்துப் போட்டதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். கோரம்பள்ளம் குளம் உடைந்து தண்ணீர் நகருக்குள் வந்தது.

1992 நவம்பரில் தாமிரபரணி வெள்ளத்தையும் பார்த்தவன் நான். அது ஆற்றில் வந்த வெள்ளம். இது வானத்திலிருந்து நேராக வீட்டு முற்றத்தில் இறங்கியது. கடல் சூடாகிக்கொண்டே போவதுதான் காரணங்களில் ஒன்று என்கிறார்கள் அறிந்தவர்கள். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமக்கும் ஈரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுமாம். சுமந்ததை எங்காவது இறக்கித்தானே ஆக வேண்டும்! ஆகவே இப்படிப்பட்ட மழை இனியும் வரும் என்றே நாம் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

என் கிட்டங்கியில் இடுப்பளவு தண்ணீர். அட்டியின் கீழ்வரிசைகளில் இருந்த 140 மூடை துவரம்பருப்பும் உளுந்தும் ஊறி வெடித்து, மூன்றாம் நாள் தெருவே நாறியது. மழையை நான் குறை சொல்லலாம், சொன்னேன். அதிகாரிகளையும் குறை சொன்னேன். ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரே நாளில் வடிந்த தண்ணீர் எங்கள் தெருவில் மட்டும் ஏன் ஐந்து நாள் நின்றது?

அதற்கு முந்தைய ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் சிலரும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் கடை கடையாக வந்தார்கள். "அண்ணாச்சி, கடை முன்னால வாறுகால் மேல போட்டிருக்கிற சிலாப்பைக் கொஞ்சம் எடுத்துடுங்க. பக்கிள் ஓடைக்குத் தண்ணி போக வழியில்லாம இருக்கு" என்றார்கள். லாரியிலிருந்து மூடை இறக்க வசதியாக இருபது அடிக்கு கான்கிரீட் போட்டு வைத்திருந்தேன் நான். "வியாபார நேரத்துல வந்து தொந்தரவு பண்ணாதீங்க தம்பி" என்று அனுப்பிவிட்டேன். உட்காரச் சொல்லக்கூட இல்லை.

வெள்ளம் வடிந்த பிறகு அந்தக் கான்கிரீட்டை நானே ஆள் வைத்து உடைத்தேன். உள்ளே மண் குறைவு, கேரி பைதான் அதிகம். அதில் பல, 2012 தீபாவளிக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க நான் அச்சடித்தவை. பதினோரு ஆண்டு கழித்தும் என் கடைப் பெயரை எழுத்துக் கூட்டாமல் படிக்க முடிந்தது. கூலியாள் ஒருவர் அதைக் கழுவி என்னிடம் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பை உள்ளிட்ட 14 வகைப் பொருள்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. நம்மில் பலருக்கு இதில் மனக்குறை உண்டு, எனக்கும் உண்டு. பெரிய கம்பெனிகளின் பிஸ்கட்டும் சிப்ஸும் பிளாஸ்டிக் உறையில்தான் வருகின்றன, அபராதம் மட்டும் பெட்டிக்கடைக்காரருக்கு. இந்த நியாயத்தைச் சங்கம் விடாமல் கேட்க வேண்டும். ஆனால் வாறுகாலில் கிடந்தது பெரிய கம்பெனியின் பெயர் அல்ல.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் சீனியும் பருப்பும் காகிதப் பொட்டலத்தில் சணல் கட்டிப் போகும். எண்ணெய்க்குத் தூக்குச்சட்டி கொண்டு வருவார்கள். அது அப்படியே திரும்பும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பையோடு வருபவருக்குக் கிலோவுக்கு ஐம்பது பைசா குறைத்துப் பார்த்தார் எங்கள் தெருச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர். மூன்றே மாதத்தில் பாதிப் பேர் பையோடு வந்தார்கள். பை வாங்கும் செலவு மிச்சமானதில் தனக்கு நட்டமில்லை என்கிறார்.

இப்போது எங்கள் தெருவில் 23 கடைகளில் 17 கடைகள் சிலாப்பை எடுத்துவிட்டு, தூக்கி வைக்கக்கூடிய இரும்புக் கம்பிச் சட்டம் போட்டிருக்கின்றன. எனக்கு 9,000 ரூபாய் ஆனது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சட்டங்களைத் தூக்கி, ஆள் விட்டுச் சுத்தம் செய்கிறோம்; கடைக்கு 150 ரூபாய் வசூல். அந்த ஆசிரியர் வந்து மேற்பார்வை பார்க்கிறார். இப்போது அவருக்கு நாற்காலி போடுகிறேன். கிட்டங்கியிலும் ஒன்றரை அடி உயரத்தில் மரப்பலகை அடித்து அதன் மேல்தான் அட்டி போடுகிறேன்.

மீதி ஆறு கடைகளில் ஒன்று, ஓடைக்குத் தண்ணீர் திரும்பும் முனையில் இருக்கிறது. அங்கே அடைத்தால் எங்கள் பதினேழும் வீண். அந்த அண்ணாச்சியிடம் இரண்டு முறை பேசியாயிற்று, "மழை வரட்டும், பார்ப்போம்" என்கிறார். புரட்டாசி முடிவதற்குள் மூன்றாம் முறையாகப் போகிறோம்.